கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

கோடைக் காலம். குளத்தில் நீர் குறைந்து விட்டது. காற்றும் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால், கரையோரம் நீர் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. பச்சைப் பெயிண்ட்டைக் கொட்டியது போல மேலே ஓர் ஏடு மிதக்கிறது.

நம் நாட்டில் பல ஊர்களில் இப்படிக் காணலாம். "பாசிதானே! துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்துக் குடித்தால் போயிற்று" என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. ஏன்? தெரிந்து கொள்வோம்.

இது என்ன பாசி?

இதை நீலப்பச்சைப் பாசி என்பார்கள். பெயர்தான் பாசி. உண்மையில் இது பாக்டீரியா வகையைச் சேர்ந்த நுண்ணுயிர். கோடிக்கணக்கில் சேரும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு நீண்ட குச்சியால் நீரைக் கிளறித் தூக்கிப் பாருங்கள். தலைமுடி போல நூல் நூலாகச் சுற்றிக் கொண்டு வந்தால், அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பெயிண்ட் போல ஒட்டிக் கொண்டால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கையால் தொட வேண்டாம்.

இந்தப் பாசியில் சில வகைகள் நஞ்சை உண்டாக்குகின்றன. சில வகைகள் உண்டாக்குவதில்லை. கண்ணால் பார்த்தோ, சுவைத்தோ, முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒதுங்குவதே நல்லது.

கல்லீரலுக்கு என்ன ஆகிறது?

நம் வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளுக்கு உள்ளே கல்லீரல் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதன் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. குடலில் செரித்த உணவின் சத்து, இரத்தத்தோடு முதலில் இங்கேதான் வருகிறது. உணவைச் செரிக்க உதவும் பித்த நீரைச் சுரப்பதும் கல்லீரல்தான்.

பித்த நீரின் பொருள்கள் குடலிலிருந்து மீண்டும் கல்லீரலுக்குத் திரும்பும். அவற்றை உள்ளே விடக் கல்லீரலில் சிறு வாசல்கள் உண்டு. பாசியின் நஞ்சும் அதே வாசல் வழியாக நுழைந்து விடுகிறது. இந்த நஞ்சுக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர்.

உள்ளே போன நஞ்சு என்ன செய்கிறது? குடிசையைத் தாங்கும் கம்புகளைப் பிடுங்கினால் குடிசை சரியும் அல்லவா? அதுபோலக் கல்லீரலின் நுண்ணறைகள் சரிந்து போகின்றன. நஞ்சு மிகுந்தால் கல்லீரலுக்குள் இரத்தம் கசியும். வாந்தி, வயிற்று வலி, பேதி, சோர்வு வரும். கண் மஞ்சளாகலாம். உயிரே போகவும் கூடும்.

நடந்தவை

1878-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா என்னும் ஏரி. பாசி படர்ந்த அதன் நீரைக் குடித்த ஆடு மாடுகள் செத்தன. ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் இதை ஆராய்ந்து எழுதினார்.

1996-ஆம் ஆண்டு. பிரேசில் நாட்டில் கருவாரு என்னும் நகரம். சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஒரு மருத்துவ நிலையம். நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் வந்த நீரை அங்கே பயன்படுத்தினார்கள். அந்த நீர் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. அதில் பாசியின் நஞ்சு இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கல்லீரல் கெட்டு 50 பேருக்குக் குறையாமல் இறந்தனர்.

கொதிக்க வைத்தால் ஏன் போகாது?

கொதிநீர் கிருமியைக் கொல்லும். ஆனால் இந்த நஞ்சு கிருமி அல்ல. உப்பு நீரைக் காய்ச்சினால் உப்பு போய்விடுமா? நீர் வற்ற வற்றக் கரிப்புதான் கூடும். நஞ்சும் அப்படித்தான். அது மட்டுமல்ல. சூட்டில் பாசி செத்து, அதன் உள்ளே இருக்கும் நஞ்சும் நீரில் கலந்து விடும்.

2014-இல் அமெரிக்காவில் டொலிடோ நகரின் குழாய் நீரில் இந்த நஞ்சு தென்பட்டது. சுமார் 4 லட்சம் மக்களிடம், "குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள்" என்று சொன்னார்கள். நீர் சரியாகும் வரை வேறு நீர் கொடுத்தார்கள்.

துணியும் படிகாரமும் நீரில் கரைந்த நஞ்சை எடுக்காது.

மருந்து தூவலாமா?

குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவது உண்டு. 1979-இல் ஆஸ்திரேலியாவில் பாம் தீவு என்ற இடத்தில் குடிநீர் அணையில் இப்படிப் போட்டார்கள். பாசி செத்தது. அதன் நஞ்சு நீரில் கலந்தது. சில நாட்களில் 148 பேர் நோயுற்றனர். அவர்களில் 138 பேர் குழந்தைகள். அவர்களுடைய கல்லீரல் வீங்கியது. அது வேறு வகைப் பாசி, வேறு நஞ்சு. ஆனால் அதுவும் கல்லீரலையே தாக்கியது. ஆகவே குடிக்கும் குளத்தில் நாமாக எதையும் தூவக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. பச்சை ஏடு மிதக்கும் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம். அடிகுழாய் போன்ற வேறு நல்ல நீரைத் தேடுவோம்.

2. அந்த நல்ல நீரையும் காய்ச்சிக் குடிப்போம். கிருமியால் வரும் காமாலையையும் பேதியையும் அது தடுக்கும்.

3. ஏடு மிதக்கும் நீரில் குழந்தைகளைக் குளிக்க விட வேண்டாம். ஆடு மாடுகளுக்கும் காட்ட வேண்டாம்.

4. அந்தக் குளத்து மீனை உண்ண வேண்டாம். மீனின் குடலிலும் ஈரலிலும் நஞ்சு சேரும்.

5. அந்த நீரைக் குடித்தவருக்கு வாந்தியோ வயிற்று வலியோ வந்தால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். எந்த நீரைக் குடித்தார் என்று மருத்துவரிடம் சொல்வோம். இந்த நஞ்சுக்குத் தனி முறிவு மருந்து இல்லை. நாட்டு மருந்தை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

6. பச்சை ஏட்டைக் கண்டதும் ஊராட்சியில் சொல்வோம். நீரைச் சோதிக்கக் கேட்போம். கேட்பது நம் உரிமை. ஆயுள் முழுதும் குடிக்கும் நீரில், ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் மைக்ரோசிஸ்டின் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு.

பாசி படராமல் தடுக்க

பயிருக்கு உரம் போல, பாசிக்கும் உரம் வேண்டும். சாக்கடை நீர், சாணம், வயலில் கரைந்து வரும் உரம், சோப்புத் தூள் ஆகியவை குளத்தில் சேர்ந்தால் பாசி கொழுக்கும். சாக்கடையை வேறு பக்கம் திருப்புவோம். எருக்குழியைக் கரையிலிருந்து தள்ளி வெட்டுவோம். உரத்தை அளவோடு இடுவோம். துணி துவைக்கத் தனி இடம் ஒதுக்குவோம்.

ஒருவர் மட்டும் செய்தால் போதாது. குளம் ஊருக்குப் பொது. காவலும் ஊருக்குப் பொது.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊர்க் குளத்தில் எந்த மாதத்தில் பச்சை ஏடு படர்கிறது?
2. கொதிக்க வைத்தால் எது சாகும்? எது போகாது?
3. உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது?