அடி தெரியாத சுவர்



சபா மாநிலத்தின் கிழக்குக் கரையில் உள்ள செம்பூர்ணாவிலிருந்து விசைப்படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் சிப்பாடான் என்ற சின்னஞ்சிறு தீவு வரும். அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். ஆனால் அது கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் எழுந்து நிற்கும் ஒரு மலையின் உச்சி. பழைய எரிமலை ஒன்றின்மேல் பவள உயிர்கள் கட்டிய மலை. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதையே அங்கே இறக்கினாலும் முழுவதும் மூழ்கிவிடும்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் ஆழமில்லாத தண்ணீர். பிறகு திடீரென்று தரை அற்றுப்போய்ப் பவளச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. இதைக் காணத்தான் உலகெங்கிலுமிருந்து முக்குளிப்போர் வருகிறார்கள்.

சுறா கடிக்காதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அங்கே சுறாக்கள் உண்டு. பெரும்பாலும் அவை தம் வழியில் போய்விடும். உண்மையான ஆபத்து ஆழத்தில் இருக்கிறது.

முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கும் இதே காற்றை அமுக்கி அடைத்திருக்கிறார்கள். கடலில் 10 மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வரும் உருளை அங்கே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மற்ற இடங்களில் மணல் தரை வந்து, போதும் என்று நிறுத்தும். இங்கே நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. கீழே நீலம், இன்னும் நீலம். 30 மீட்டரை ஒட்டிக் காற்றிலுள்ள நைட்ரஜன் வேறு மயக்கம் தரத் தொடங்கும். கள் குடித்தவனுக்குத் தான் தெளிவாக இருப்பதாகத்தானே தோன்றும்? இதுவும் அப்படித்தான். சில மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும். ஆனால் மேலே வரவேண்டும் என்ற நினைப்பு வரவேண்டுமே! அதனால்தான் ஆழங்காட்டும் கருவியை அடிக்கடி பார்க்கப் பழக்குகிறார்கள். பொழுதுபோக்காக இறங்குவோருக்கு 40 மீட்டரே எல்லை. சுவரோரத்தில் சில வேளை நீரோட்டம் கீழ்நோக்கியும் இழுக்கும். தனியாக இறங்குவது கூடாது.

ஏறி வருவதுதான் இன்னும் கடினம். சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதல்லவா? ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜனும் அவசரமாக மேலே வந்தால் அப்படியே குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி முடக்குவாதம் வரை போகலாம், உயிரும் போகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாலோ, விரியும் காற்று நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே சீராக மூச்சுவிட்டபடி, நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பார்கள். சுற்றிலும் ஆமைகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த ஆமைகளும் காற்றைச் சுவாசிப்பவைதாம். சுவரில் உள்ள ஒரு குகைக்குள் வழி தவறிப்போய், மேலே வரமுடியாமல் இறந்த ஆமைகளின் எலும்புகள் இன்றும் கிடக்கின்றன.

பவளத்தைக் காப்பதற்காக, தீவிலிருந்த விடுதிகள் 2004ஆம் ஆண்டு இறுதியோடு மூடப்பட்டன. இப்போது நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு அனுமதிச் சீட்டு தருகிறார்கள். முக்குளித்து முடித்தவர்கள் அன்றே தவாவ் போய் விமானம் ஏறுவதில்லை. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. உடலில் எஞ்சிய நைட்ரஜன் அங்கேயும் குமிழியாகலாம். பலமுறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமாவது தரையில் காத்திருக்கிறார்கள்.