பழகுநர் தேர்வில் பாகுபாடு வேண்டாம்

'அப்ரண்டிஸ்' என்றதும் பலருக்கும் பெரிய ஆலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் வணிக நிறுவனங்களையும் தொடுகிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒப்பந்தப் பணியாளர் உட்பட 30 பேருக்கு மேற்பட்டோ, சரியாக 30 பேரோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள கடைகள் விரும்பினால் சேர்க்கலாம். மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 சதவீதம் என்பது வரம்பு. 40 பேர் உள்ள மொத்த வியாபாரி ஒருவர் 1 முதல் 6 பேர் வரை எடுக்கலாம்.

2016இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 என்ற உச்சவரம்புக்குள், அரசே ஏற்றது. ஆக, இது நம் கடையில் நடந்தாலும் பொதுப்பணம் கலந்த பயிற்சி. "என் கடை, என் விருப்பம்" என்று சொல்ல இங்கே இடமில்லை.

அரசு அறிவித்த தொழிற்பிரிவுகளில் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. 2007இல் பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டனர். ஒதுக்க வேண்டிய கடமை முதலாளியுடையது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றுத் திறனாளிகளைப் பொதுவான தொழிற்பயிற்சிகள் அனைத்திலும் சேர்க்க வழிசெய்ய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதை மீறினால் முதல்முறை ரூ.10,000 வரை அபராதம், மறுமுறை ரூ.50,000 முதல் 5 லட்சம் வரை.

சிறிய கடைக்காரர்கள் "இதெல்லாம் நமக்கில்லை" என்று ஒதுங்கிவிட முடியாது. தீண்டாமை காரணமாக ஒருவருக்கு வேலையையோ தொழிலையோ மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1 முதல் 6 மாதம் வரை சிறையும், அபராதமும் உண்டு. கடையின் அளவு இதில் பொருட்டல்ல.

நடைமுறையில் தவறு எங்கே நுழைகிறது? தெரிந்தவர் சொன்ன பையனை எடுத்துக்கொள்வது நம் பழக்கம். தெரிந்தவர் என்றால் பெரும்பாலும் சொந்தமும் சாதியுமே. அதனால் வேறு வீட்டுப் பிள்ளைக்குக் காலியிடம் இருப்பதே தெரியாமல் போகிறது. கல்லாவிலும் கணக்கிலும் கைதேர வேண்டிய ஒரு பிள்ளை வாசலோடு திரும்பிவிடுகிறது.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை:

1. காலியிடத்தை அரசின் பழகுநர் இணையதளத்தில் வெளிப்படையாகப் பதியுங்கள்.

2. என்ன படிப்பு, என்ன வேலை என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். சாதி, மதம் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் போதும்.

3. ஒருவரை எடுக்கவில்லையென்றால் காரணத்தைக் குறித்துவையுங்கள்.

4. பழகுநர் ஒப்பந்தத்தைத் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

யார் வந்து பொருள் கேட்டாலும் தருவதே கடை தர்மம். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவும் கடைகளுக்குள் நுழைவதில் சாதி, மத வேற்றுமை கூடாது என்கிறது. வாங்க வருபவருக்குத் திறந்திருக்கும் கதவு, தொழில் கற்க வருபவருக்கும் திறந்திருக்கட்டும்.