கொசுவழி வைரஸ்களும் மனித எதிர்ப்பொருள்களும்: கடலூர் – சிதம்பரம் பகுதி

கொசு கடிக்கும்போது உடலுக்குள் நுழையும் வைரஸ்களுக்கு எதிராக மனித உடல் உருவாக்கும் புரதங்கள் எதிர்ப்பொருள்கள் எனப்படுகின்றன. கடலூர் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், டெங்கு, சிக்குன்குன்யா ஆகிய மூன்று நோய்களும் இருப்பதால், இவற்றுக்கான எதிர்ப்பொருள்களைப் பற்றிய அறிவு இங்கு மிகவும் பயன்படுகிறது. எதிர்ப்பொருள் என்றாலே பாதுகாப்பு என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மைதான். எந்த வைரஸுக்கு எதிரானது, எந்த வகை, எவ்வளவு அளவு, எப்போது உருவானது ஆகிய நான்கையும் அறிந்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

எதிர்ப்பொருள் உருவாகும் முறை

வைரஸின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள பி செல்கள் அடையாளம் காண்கின்றன. பொருத்தமான பி செல்கள் பலமுறை பிரிந்து பெருகுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. மற்றொரு பகுதி நினைவுச் செல்களாக நீண்ட காலம் தங்குகிறது. அதே வைரஸ் மீண்டும் வந்தால் இந்த நினைவுச் செல்கள் விரைவாகச் செயல்படத் தொடங்கும்.

முதலில் தோன்றுவது ஐ.ஜி.எம் வகை எதிர்ப்பொருள். டெங்குவில் இது காய்ச்சல் தொடங்கிய நான்கைந்து நாட்களில் தென்படத் தொடங்கி, பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் குறைந்துவிடும். ஆகவே இது அண்மைத் தொற்றின் அடையாளம். ஐ.ஜி.ஜி வகை சற்றுத் தாமதமாகத் தோன்றிப் பல ஆண்டுகள், சில வேளைகளில் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். இது கடந்த காலத் தொற்றின் பதிவு. இரண்டாம் முறை டெங்கு வந்தவரிடம் ஐ.ஜி.ஜி மிக விரைவாகவும் மிகுதியாகவும் உயரும்; ஐ.ஜி.எம் குறைவாகவே காணப்படலாம்.

இரத்தம் முதலில் சொன்ன செய்தி

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இந்தியாவில் இருப்பது நோயாளிகள் மூலம் தெரியவருவதற்கு முன்பே எதிர்ப்பொருள் மூலம் தெரிந்தது. 1952-இல் நாக்பூர், செங்கல்பட்டு பகுதி மக்களிடம் நடத்தப்பட்ட இரத்த ஆய்வில் இவ்வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. மனித நோயாளிகள் முதன்முதலாக 1955-இல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் வேலூர்ப் பகுதியில் அடையாளம் காணப்பட்டனர்.

இதற்குக் காரணம் இந்நோயின் இயல்பு. இவ்வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடுமையான நோய் வருகிறது. ஆனால் அந்த ஒருவரின் நிலை கொடியது. மூளை பாதிக்கப்பட்டவர்களில் 30 விழுக்காடு வரை இறக்கலாம். பிழைப்பவர்களிலும் பலர் வலிப்பு, முடக்கம், பேச்சிழப்பு போன்ற நிலையான குறைகளோடு வாழ நேரிடுகிறது. பாதிக்கப்படுவோரில் மிகப் பலர் குழந்தைகள். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை மட்டும் எண்ணினால், ஊரில் வைரஸ் எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பது தெரியாது. நோய்வாய்ப்படாதவர்களின் இரத்தமே அதைக் காட்டும்.

கடலூர் மாவட்டத்தின் சூழல்

1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு இன்றைய கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் உருவாயின. கொள்ளிடம், வீராணம் ஏரி ஆகியவற்றின் பாசனத்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. வயலில் தேங்கும் நீரில் கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்னும் கொசு பெருகுகிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பல்கிப் பெருகி, இக்கொசு வழியாக மனிதரை அடைகிறது. மாடுகளை இக்கொசு மிகவும் விரும்பிக் கடித்தாலும், மாட்டின் இரத்தத்தில் வைரஸ் போதிய அளவு பெருகுவதில்லை. மனிதரிலும் அவ்வாறே, ஒரு மனிதரிடமிருந்து கொசு வழியே இன்னொருவருக்கு இந்நோய் பரவுவதில்லை.

இந்தப் பகுதி நீண்ட காலமாக ஆய்வுக்களமாக இருந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள், இந்நோய் நிலைகொண்ட தமிழ்நாட்டுப் பகுதியில் குழந்தைகளுக்கு அறிகுறியின்றி ஏற்படும் தொற்றுகளை ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. பின்னர் கடலூர் மாவட்டக் கிராமங்களில் கொசுக்களோடு ஆடுகளின் இரத்தத்தையும் தொடர்ந்து ஆய்வு செய்தனர். முன்பு எதிர்ப்பொருள் இல்லாதிருந்த ஓர் ஆட்டில் புதிதாக எதிர்ப்பொருள் தோன்றினால், வைரஸைச் சுமந்த கொசு அந்த ஊரில் கடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். குழந்தைகள் நோயுறும் வரை காத்திராமல் எச்சரிக்கை பெற இது ஒரு வழி.

குறுக்கு வினை

ஜப்பானிய மூளைக்காய்ச்சல், டெங்கு, மேற்கு நைல், ஜிகா ஆகிய வைரஸ்கள் ஃபிளேவிவைரஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மேலுறைப் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஆகவே ஒன்றுக்காக உருவான எதிர்ப்பொருள் ஆய்வுக்கூடத்தில் மற்றொன்றோடும் ஒட்டிக்கொள்ளலாம். இதுவே குறுக்கு வினை. 1954-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் 196 பேரில் 33 பேரிடம் ஜிகாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அது உண்மையான ஜிகா தொற்றா, உறவு வைரஸ் ஒன்றின் குறுக்கு வினையா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க நடுநிலையாக்கல் சோதனை பயன்படுகிறது. நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து உயிருள்ள வைரஸோடு கலந்து, அது செல்களைத் தாக்குவதை எந்த அளவு தடுக்கிறது என்று அளக்கின்றனர். எந்த வைரஸை மிகுதியாகத் தடுக்கிறதோ, அதுவே பெரும்பாலும் தொற்றிய வைரஸ். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பொறுத்தவரை, பத்து மடங்கு நீர்த்த சீரம் வைரஸைப் பாதியளவு தடுத்தாலே பாதுகாப்பு உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. சிக்குன்குன்யா வைரஸ் ஆல்ஃபாவைரஸ் என்னும் வேறு இனத்தைச் சேர்ந்தது. ஆகவே டெங்கு எதிர்ப்பொருள் அதைத் தடுக்காது. ஒரே காலத்தில் ஒருவருக்கு இரண்டும் வரலாம்.

எதிர்ப்பொருளே தீங்காகும் நிலை

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தொற்றினால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதப் பாதுகாப்பு மட்டுமே. அதன் பிறகு வேறு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யாது. இவ்வாறு எதிர்ப்பொருள் ஒட்டிய வைரஸை வெள்ளணுக்களில் சில வகைகள் எளிதாக உள்ளிழுத்துக்கொள்கின்றன. வைரஸ் அவற்றுக்குள்ளேயே பெருகுகிறது.

கியூபாவில் 1977-இல் முதல் வகை டெங்குவும் 1981-இல் இரண்டாம் வகை டெங்குவும் பரவின. 1981-இல் 158 பேர் இறந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே முதல் வகை தொற்றியவர்கள். நிகரகுவா நாட்டுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தபோது பாதுகாப்பு கிடைத்தது. இடைப்பட்ட அளவில் இருந்தபோதே ஆபத்து கூடியது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே ஐ.ஜி.ஜி பெற்ற கைக்குழந்தைகளிலும் இவ்வாறே நிகழலாம். அந்த எதிர்ப்பொருள் மெல்லக் குறைந்துவரும் மாதங்களில், முதல் டெங்கு தொற்றே அவர்களுக்குக் கடுமையாகலாம்.

தடுப்பூசியிலும் இதன் விளைவு தெரிந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016-இல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு டெங்கு தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. அதுவரை டெங்கு வராத குழந்தைகளுக்கு அத்தடுப்பூசியே முதல் தொற்றுபோல் அமைந்து, பின்னர் வரும் டெங்கு கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2017 இறுதியில் தெரியவந்ததும் திட்டம் நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் 15 மாநிலங்களில் 2017–18-இல் நடந்த ஆய்வில், 5 முதல் 45 வயது வரையானவர்களில் 48.7 விழுக்காட்டினரிடம் டெங்கு எதிர்ப்பொருள் இருந்தது. தென் மாநிலங்களில் அது 76.9 விழுக்காடு. தமக்கு டெங்கு வந்ததே இல்லை என்று எண்ணும் பலருக்கும் அடுத்த தொற்று இரண்டாவதாக இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியின் நிலை வேறு. இவ்வைரஸில் டெங்குவைப் போல நான்கு தனி வகைகளின் சிக்கல் இல்லை. தடுப்பூசி தரும் எதிர்ப்பொருள் நல்ல பாதுகாப்பு அளிக்கிறது. இந்தியாவில் 2006-இல் தொடங்கிய இத்தடுப்பூசித் திட்டம் பின்னர் கடலூர் உட்பட நோய் நிலைகொண்ட தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் விரிந்தது. குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் முதல் தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன.

ஆய்வக அறிக்கையைப் புரிந்துகொள்ளல்

காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளில் எடுத்த ஐ.ஜி.எம் சோதனையில் எதுவும் தென்படாவிட்டால், டெங்கு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அந்நாட்களில் வைரஸின் என்.எஸ்.1 புரதத்தைத் தேடும் சோதனையே ஏற்றது. ஐ.ஜி.ஜி மட்டும் இருந்தால் அது பழைய தொற்றாக இருக்கலாம்.

மூளைக்காய்ச்சல் என ஐயப்படும் குழந்தையின் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து எலைசா முறையில் ஐ.ஜி.எம் சோதிக்கின்றனர். முதுகில் ஊசி போடுவதை எண்ணிப் பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் ஐ.ஜி.எம் அளவில் பெரியது. இரத்தத்திலிருந்து மூளைப் பகுதிக்குள் எளிதில் புகாது. ஆகவே அந்த நீரில் அது காணப்பட்டால், மூளையிலேயே தொற்று நிகழ்ந்துள்ளது என்பதற்கு அது வலுவான சான்று. தடுப்பூசி போட்ட குழந்தையின் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி இருப்பது இயல்பே என்பதால், அதைக் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது.

டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே மிகுந்த கவனத்துக்குரியவை. கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தென்பட்டால், சோதனை முடிவு எப்படி இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுத் தொட்டி, குடம், பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் அந்தி சாய்ந்தபின் கடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்டத்து வீடுகள் இரண்டிலிருந்தும் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது: நீர்க்கலன்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடிவைப்பது ஒன்று, இரவில் கொசுவலைக்குள் உறங்குவது மற்றொன்று.