கைப்பேசியில் ஒரு கடைவீதி

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பது நம் முன்னோர் வாக்கு. மல்லிகையின் மணமே தெருவில் போவோரை அழைத்து வந்துவிடும் என்பது அதன் பொருள். ஆனால் அந்த வாக்கு, வாங்குபவர் கடையிருக்கும் தெருவில் நடந்து சென்ற காலத்துக்கு உரியது. இன்று வாங்குபவர் சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு கைப்பேசியில் பொருளைத் தேடுகிறார். மணமோ கைப்பேசி வழியே செல்வதில்லை. மணத்துக்குப் பதிலாக எதை அனுப்புவது, யாருக்கு அனுப்புவது, அதற்கு என்ன செலவாகும் என்பதைக் கற்பிப்பதே டிஜிட்டல் மார்க்கெட்டிங், அதாவது மின்வழிச் சந்தைப்படுத்தல்.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று மாணவியர் எண்ணிவிட வேண்டாம். நம் ஊரில் மக்ரூன் செய்வோர், கருவாடு உலர்த்தும் பெண்கள், சிப்பியாலும் சங்காலும் அழகுப் பொருள்கள் செய்வோர், உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவோர் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களில் பலருக்குப் பொருளைச் செய்யத் தெரியும், வாங்குபவரைத் தெரியாது. ஆகவே இடையில் நிற்பவர் சொல்லும் விலையே விலை என்றாகிறது. அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவும் அந்த விலையிலிருந்துதான் வரவேண்டும்.

முத்துக்குளித்துறை தரும் பாடம்

இதற்கு நம் கடலே சாட்சி. ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்புக்கு முன் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். தகுதியுண்டு என்று கண்ட பின்னரே, குளிப்பு நடைபெறும் காலத்தை முன்கூட்டி அறிவிப்பார்கள். அறிவிப்பைக் கேட்டுத் தொலைவிலிருந்தும் வணிகர் வந்து கூடுவர். சிப்பிகள் ஏலத்தில் போகும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலில் பொருளைச் சோதிக்க வேண்டும், பிறகே பறைசாற்ற வேண்டும் என்பது ஒன்று. மூச்சடக்கி ஆழத்தில் இறங்கியவருக்கு ஒரு பங்குதான் கிடைத்தது, முத்தின் விலையையும் வாங்குவோரையும் அறிந்து கரையில் நின்றவரே பெருஞ்செல்வரானார் என்பது மற்றொன்று. உழைப்பவரே சந்தையையும் அறிந்துகொண்டால் அந்த நிலை மாறும்.

புதிய கருவியைக் கண்டு நம் கரை அஞ்சியதுமில்லை. முத்துக்குளித்துறையில் இறைப்பணி புரிந்த அண்டிரிக் அடிகளார், அச்சு என்பதே நம் நாட்டுக்குப் புதிதாயிருந்த 1578-இல், ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் கொல்லத்தில் அச்சேற்றினார். சொல்ல வேண்டிய செய்தி பழையது, கருவிதான் புதியது. வணிகத்திலும் அப்படியே.

முதற்படி: யாருக்கு, எதை?

மக்ரூன் விற்கத் தொடங்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். “எல்லோரும் வாங்கலாம்” என்று சொன்னால் ஒருவரும் தம்மை அழைத்ததாக எண்ணமாட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர், பிறந்தநாள் கொண்டாடும் வீட்டார், பனிமய மாதா திருவிழாவுக்கு வந்து திரும்பும் யாத்திரிகர் என்று பிரித்துப் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு செய்தி சொல்லத் தோன்றும். முதலாமவருக்கு ஊர் நினைவு வேண்டும். இரண்டாமவருக்குக் குறித்த நாளில் பொருள் வேண்டும். மூன்றாமவருக்கு வழியில் நொறுங்காத பெட்டி வேண்டும்.

அடுத்தது விலை. முந்திரி, சர்க்கரை, முட்டை, எரிபொருள், பெட்டி, கூரியர் கட்டணம், தம் உழைப்புக்கான கூலி ஆகிய அனைத்தையும் கூட்டி அடக்கவிலையைக் காணவேண்டும். பிறரைவிட மலிவாகக் கொடுத்தே வென்றுவிடலாம் என்பது ஆபத்தான எண்ணம். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. பணபலம் உள்ளவன் நட்டத்தைத் தாங்குவான்; சிறியவன் தாங்கமாட்டான். அன்று மக்கள் சுதேசிக் கப்பலை நாடியது அது நம்முடையது என்ற பற்றினால் அல்லவா? சிறு தொழிலுக்கும் மலிவைவிடப் பற்றும் நம்பிக்கையுமே முதலாகும்.

செலவில்லாத மூன்று வாசல்கள்

தேடி வருவோருக்கு முதல் வாசல் கூகுள். ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்துத் தேடுவோரின் கண்ணில் நம் கடை படவேண்டுமானால், கூகுள் வணிகப் பக்கத்தில் பதிவு செய்யவேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், திறந்திருக்கும் நேரம், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இடவேண்டும். வீட்டிலிருந்தே தொழில் செய்து, கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்போர், வீட்டு முகவரியைப் பிறர் காணாதபடி மறைத்து, பொருள் கொண்டு சேர்க்கும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். பெண்கள் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாசல், 2018-இல் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ். பொருள்களின் படத்தையும் விலையையும் ஒரு பட்டியலாக இதில் வைக்கலாம். ஒரே கேள்விக்கு நாள்தோறும் இருபது முறை பதில் எழுதும் வேலை மிச்சமாகும். ஆனால் கேளாதவருக்கெல்லாம் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தால், அவர்கள் நம் எண்ணையே தடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது வாசல் இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற காட்சித் தளங்கள். இங்கே மக்கள் வாங்க வருவதில்லை, பார்க்க வருகிறார்கள். ஆகவே “வாங்குங்கள், வாங்குங்கள்” என்று கூவுவதைவிடத் தொழில் நடக்கும் விதத்தைக் காட்டுவதே மேல். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூரில், ஒரு முதியவரும் அவர் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பதைப் படமெடுத்து 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்றது. அவர்கள் வியப்பான எதையும் புனையவில்லை. தங்களுக்குத் தெரிந்த வேலையை இடைவிடாது செய்து காட்டினார்கள். நம் தாய்மார் முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிப்பதும், மக்ரூனின் கூம்பு ஒவ்வொன்றாகத் தட்டில் எழுவதும் பார்க்கத் தகுந்த காட்சிதானே!

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம்

இத்தளங்களில் கட்டணம் செலுத்தியும் விளம்பரம் செய்யலாம். ஆனால் கணக்குப் பாராமல் இறங்கக்கூடாது. உதாரணமாக ஒரு கணக்கு: விளம்பரத்துக்கு 500 ரூபாய் செலவு. அதைப் பார்த்து 40 பேர் விசாரித்தார்கள். 8 பேர் ஆளுக்கொரு பெட்டி வாங்கினார்கள். பெட்டிக்கு 60 ரூபாய் லாபம் என்றால் வந்தது 480 ரூபாய். ஆக, 20 ரூபாய் நட்டம். நூற்றுக்கணக்கானோர் ‘லைக்’ போட்டிருந்தாலும் நட்டம் நட்டமே.

ஆனால் அந்த எட்டுப் பேரில் மூவர் மறுமாதம் மீண்டும் ஆளுக்கொரு பெட்டி வாங்கினால் 180 ரூபாய் சேர்கிறது; நட்டம் போக 160 ரூபாய் மிச்சம். ஆகவே புதியவரைப் பிடிப்பதைவிட வந்தவரைத் தக்கவைப்பதே லாபம் என்பது இதனால் விளங்கும். ஒரு நோட்டில், யார் எதைப் பார்த்து வந்தார், எத்தனை முறை வாங்கினார், என்ன குறை சொன்னார் என்று எழுதி வைப்பது எந்த விளம்பரத்தையும்விடப் பயன் தரும். கடன் வாங்கி விளம்பரம் செய்வது தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

உண்மையே பெரிய விளம்பரம்

உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்ல வேண்டும் என்பது இயேசு பெருமான் நமக்குக் கற்பித்த நெறி. சட்டமும் அதையே வற்புறுத்துகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யான விளம்பரம் செய்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கருப்பட்டியில் சர்க்கரையைக் கலந்துவிட்டு ‘அசல்’ என்பதும், நம் தின்பண்டம் நோயைத் தீர்க்கும் என்பதும் பாவம் மட்டுமல்ல, குற்றமுங்கூட. மக்ரூனில் முட்டை இருப்பதை அறியாதவர் பலர். அதைப் பட்டியலிலேயே தெளிவாக எழுதிவிடவேண்டும். உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, அந்த 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிடவும் வேண்டும்.

ஊரின் பெயரும் ஒரு சொத்து. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற ஊரில் செய்ததை அப்பெயரால் விற்கக்கூடாது என்பது அதன் பொருள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் அச்சிறப்பு உண்டு. ஒருவர் செய்யும் கலப்படம் ஊரார் அனைவரின் பெயரையும் கெடுக்கும் என்பதை மறவாதிருப்போமாக.

மாணவியர்க்கு எச்சரிக்கை

பல வீடுகளில் கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்தவள் மகளே. ஆகவே சில சொற்கள். யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டியதே இல்லை. “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்” என்பவர் மோசக்காரர். ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லாதீர்கள். தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு தாய் தந்தையர் பெயரிலேயே இருக்கட்டும். விளம்பரத்தில் பொருளின் படம் போதும். உங்கள் படமோ பள்ளிச் சீருடையோ வேண்டாம். அந்நியர் தேவையற்றுப் பேச்சு வளர்த்தால் உடனே பெற்றோரிடம் சொல்லுங்கள்.

இந்த விடுமுறையில் அம்மாவோடு ஒரு மாலைப் பொழுது அமருங்கள். நம் பொருளை வாங்குவோர் யார், அதன் அடக்கவிலை என்ன, பிறர் பொருளை விட்டு நம் பொருளை அவர் ஏன் வாங்கவேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்த பின்னரே கைப்பேசியைக் கையில் எடுங்கள். அந்த விடைதான் உங்கள் முதல் விளம்பரம்.