பகல் தூக்கமா, களைப்பா? அளந்து அறிவோம்

"பகலெல்லாம் அசதியாகவே இருக்கிறது." பக்கவாதம், பார்க்கின்சன் நோய், வலிப்பு நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. வீட்டில் உள்ளோர் சிலர் இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்கின்றனர். இது சோம்பல் அன்று. நோயினாலோ மருந்தினாலோ வரும் தொல்லை.

'அசதி' என்னும் சொல்லுக்குள் இரண்டு தொல்லைகள் அடங்கியுள்ளன. ஒன்று, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடும் பகல் தூக்கம். மற்றொன்று களைப்பு, கண் விழித்திருக்கும், ஆனால் உடலும் மனமும் வேலைக்கு இணங்கா. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் தனித்தனியே அளக்கிறோம்.

பகல் தூக்கத்தை அளக்க, மெல்போர்ன் நகர மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் உதவுகிறது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவுக்குப் பின் அமர்ந்திருக்கும்போது என 8 சூழல்கள் அதில் உள்ளன. கண்ணயரும் வாய்ப்புக்கு ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-இல் 10-ஐத் தாண்டினால் காரணத்தை ஆராய வேண்டும். காரில் செல்வதைப் பற்றிய கேள்வியைப் புதியம்புத்தூரிலிருந்து வருவோருக்குப் பேருந்துப் பயணத்தைக் கொண்டு விளக்குகிறோம்.

களைப்புக்கு 1989-இல் வெளியான வேறோர் அளவுகோல் உண்டு. அதில் 9 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சராசரி 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் களைப்பு மிகுதி எனக் கொள்கிறோம்.

ஆயத்த ஆடைத் தொழில் நிறைந்த புதியம்புத்தூரில் இந்த வேறுபாடு மிக முக்கியம். தையல் இயந்திரத்தின் முன் ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் ஊசி விரலில் இறங்கிவிடும். இருசக்கர வாகனத்தில் அந்த நொடி உயிருக்கே ஆபத்து. பகல் தூக்கம் மிகுந்தோர், மருத்துவர் அனுமதிக்கும்வரை இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும்.

நோயாளி தாம் கண்ணயர்ந்ததை உணராமலே இருக்கலாம். ஆகவே உடனிருப்போர் ஒரு வாரம் கவனித்துக் குறித்து வாருங்கள்: பகலில் எப்போது தூங்கினார், இரவில் குறட்டையோ மூச்சுத் தடையோ உண்டா, தூக்கத்தில் கைகால்களை வீசுகிறாரா, மாத்திரை உண்ட எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் காரணமாகலாம்; அவற்றைப் பரிசோதித்து அறியலாம்.

மாத்திரையே காரணம் என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு வரக்கூடும். குறிப்பேட்டுடன் வாருங்கள், அளவையோ நேரத்தையோ மாற்ற இயலுமா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.