காதலை பிளாக்செயினில் எழுதலாமா? - அழிக்க முடியாத டைரியில் இருக்கும் ஆபத்துகள்!

மரத்தில் இதயம் செதுக்கி, உள்ளே இரண்டு பெயர் எழுதுவதெல்லாம் பழைய ஸ்டைல். 2014 அக்டோபரில், அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி, அதைப் பதிவு செய்த இடம் எது தெரியுமா? பிட்காயின் பிளாக்செயின்! 'யாராலும் அழிக்க முடியாது' என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆபத்தும் அதேதான்.

பணக் கணக்கில் படம் எப்படி வந்தது?

பிளாக்செயின் ஒரு பொதுக் கணக்கு நோட்டு மாதிரி. எங்கிருந்து எங்கே எவ்வளவு போனது என்ற கணக்கின் நகல், உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். அந்தக் கணக்கோடு குறிப்பும் எழுதலாம். பிட்காயினின் முதல் பிளாக்கிலேயே, 2009 ஜனவரி 3 தேதியிட்ட லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழின் தலைப்புச் செய்தி ஒன்று இருக்கிறது. 2023-ல் 'ஆர்டினல்ஸ்' முறை வந்தபிறகு, படங்களையே ஏற்றுவது சகஜமாகிவிட்டது.

யாரோ போட்ட குப்பை, நம் வீட்டில்!

எழுத கட்டணம் கட்டினால் போதும். 'நீ என்ன எழுதுற?' என்று கேட்க ஆள் கிடையாது. 2018-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் பிட்காயின் பிளாக்செயினைத் துழாவியபோது, சுமார் 1,600 கோப்புகள் சிக்கின. பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை தொடர்பான இணைப்புகளும் அவற்றில் இருந்தன. முழு நகலையும் வைத்திருப்பவரின் கம்ப்யூட்டரில், அவருக்கே தெரியாமல் அதுவும் இருக்கும். இது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம் என்று எச்சரித்தார்கள் அவர்கள். மொபைல் வாலட் மட்டும் பயன்படுத்துகிறவர்களிடம் பொதுவாக இந்த முழு நகல் இருக்காது.

உங்களுக்கு என்ன ரிஸ்க்?

ஃபேஸ்புக் போஸ்ட்டை டெலீட் செய்யலாம். இங்கே அந்த பட்டனே கிடையாது. காதல் முறிந்தாலும் வாசகம் முறியாது. குழந்தையின் பிறந்த தேதி, மெடிக்கல் ரிப்போர்ட், ஆதார் எண் என எதைப் போட்டாலும் போட்டதுதான். ஐரோப்பிய சட்டம், 'என் தகவலை அழியுங்கள்' என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால், இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

'என்க்ரிப்ட் பண்ணித்தானே போடுறேன்' என்கிறீர்களா? சாவி ஒருநாள் கசிந்தால், பூட்டை மாற்ற வழியில்லை.

அப்போ என்னதான் செய்வது?

'இந்த ஆவணம் இந்த நாளில் இருந்தது' என்று நிரூபித்தால் போதும் என்றால், ஆவணத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு, அதன் கைரேகை போன்ற 'ஹாஷ்' எண்ணை மட்டும் ஏற்றுங்கள். ஆனால், போன் நம்பர் போன்ற சின்னத் தகவலுக்கு இதுவும் பாதுகாப்பில்லை. எல்லா எண்களையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

பதிவேற்றும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'இருபது வருஷம் கழிச்சு என் பிள்ளை இதைப் படிச்சா பரவாயில்லையா?' கொஞ்சம் யோசனை வந்தாலும், டைரியிலேயே எழுதிவிடுங்கள். அதையாவது கிழித்துப் போடலாம்!