வீராங்கனை பயிற்றுநரான வரலாறு

விளையாட்டுத்துறையில் கீர்த்தி பெற்றோருள் பெரும்பாலாரின் வரலாறு, அவர்கள் கடைசி முறையாக மைதானத்தை விட்டு வெளியேறும் நாளோடு முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் அவர்களைப் பற்றிப் பேசப்படுவதெல்லாம் பழைய வெற்றிகளின் ஞாபகமே. எனினும், தாம் நிலைநாட்டிய சாதனையைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு இளைப்பாறாமல், அதையே முறியடிக்கத்தக்க ஒரு தலைமுறையைத் தம் கையால் உருவாக்க முற்பட்டவர்களும் சிலர் இருக்கின்றனர். சாதனை புரிவதற்குத் தேகபலமும் மனோதிடமும் போதும். சாதிக்கத்தக்கவரை உருவாக்குவதற்கோ அவற்றோடு பொறுமையும், பிறர் வெற்றியில் மகிழும் பக்குவமும், பழி வந்தால் தாங்கும் நெஞ்சுரமும் வேண்டும். இந்த இரண்டு நிலைகளையும் கண்டவர் அயல்நாடான இந்தியாவின் ஓட்ட வீராங்கனை பி. ரி. உஷா. வன்னியின் புதுக்குடியிருப்பைப் போன்ற ஓர் ஊரில் பெண்பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்க்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் அவருடைய வரலாற்றை, பதக்கங்களின் பட்டியலாக மட்டும் அல்லாமல், ஒரு குருபரம்பரையின் கதையாகவும் அறிந்துகொள்வது நன்று.

வீராங்கனை பயிற்றுநராவது அமெரிக்காவில் அபூர்வமான செய்தியன்று. அங்கே சொஃப்ட்போல் என்றோர் ஆட்டம் உண்டு. 1887 இல் சிக்காகோ நகரில் உள்ளரங்க விளையாட்டாகத் தோன்றிய அது, பந்தைக் கோலால் அடித்துவிட்டு வரிசையாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடிவருவது என்ற அளவில், எல்லே ஆடிப் பழகிய நம்மவர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. பந்தெறிபவர் கையைத் தோளுக்கு மேலே ஓங்காமல், கீழ்வாட்டில் சுழற்றியே பந்தை விடவேண்டும் என்பது அதன் விசேஷ விதி. அந்த ஆட்டத்தில் 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் தங்கம் வென்ற அணிகளில் இடம்பெற்ற லீசா பெர்னாண்டஸ், சிட்னி ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 25 தடவை எதிரணியினரைப் பந்தைத் தொடவொட்டாமல் வெளியேற்றி வியப்பூட்டியவர். பின்னர், தாம் மாணவியாக ஆடிய லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கே திரும்பிவந்து, அங்குள்ள மாணவியருக்குப் பயிற்சியளிக்கும் பணியை ஏற்றுக்கொண்டார். அவ்வாறு திரும்பிவருவதற்கு அங்கே ஒரு வீடு காத்திருந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடங்கள் ஆண் பெண் பேதம் பாராட்டலாகாது என்று 1972 இல் அந்நாடு இயற்றிய சட்டத்தின் பயனாக, கல்லூரிகளில் பெண்களுக்கென அணிகளும், மைதானங்களும், சம்பளம் பெறும் பயிற்றுநர் பதவிகளும் பெருகியிருந்தன. நமது பிரதேசங்களிலோ, திரும்பிவர விரும்பும் வீராங்கனை முதலில் அந்த வீட்டையே கட்டியாக வேண்டும்.

உஷா 1964 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பிறந்து, பையோலி என்னும் கடலோர ஊரில் வளர்ந்தவர். 1976 இல் கேரள அரசு பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவைக் கண்ணூரில் ஆரம்பித்தபோது, அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட சிறுமியருள் அவரும் ஒருவர். அங்கேதான், விமானப்படையிற் சேவை செய்து ஓய்வுபெற்றுப் பயிற்றுநராகியிருந்த ஓ. எம். நம்பியாரின் பார்வை அந்த மெலிந்த பிள்ளையின் மீது விழுந்தது. சர்வதேச தரத்திலான ஓடுபாதை அருகில் இல்லாத அந்நாளில் பையோலிக் கடற்கரை மணலே அவர்களுக்கு அப்பியாச களமாயிற்று. கால் புதையும் மணலில் ஓடி ஓடித் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உரமேற்றிக்கொண்ட அச்சிறுமி, 16 வயதில் மொஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினாள். 1982 இல் புதுடில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் வெள்ளிப்பதக்கம் பெற்றாள். குறுந்தூர ஓட்டக்காரியாகவே உலகம் அறிந்திருந்த தம் சிஷ்யையை, 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலே பெண்களுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்திற்குத் திருப்பிவிட்டவர் நம்பியார். ஒரு பயிற்றுநருடைய கண் எத்தகையது என்பதற்கு அந்தத் தீர்மானம் ஒன்றே சான்றாகும்.

அந்த ஓட்டத்தின் இயல்பைச் சற்று விரித்துச் சொன்னாலன்றி, அதிலுள்ள சிரமம் விளங்காது. ஓடுபாதையைச் சுற்றிப் பத்துச் சட்டவேலிகள். பெண்களுக்கு அவை ஒவ்வொன்றும் 76.2 சென்ரிமீற்றர் உயரம். புறப்படும் கோட்டிலிருந்து 45 மீற்றரில் முதலாவது வேலி. அதன் பின் 35 மீற்றருக்கு ஒன்றாக மற்றவை. பத்தாவதைக் கடந்த பின்னர் வெற்றுப்பாதை 40 மீற்றர். இரண்டு வேலிகளுக்கிடையே எத்தனை காலடி வைப்பது என்பதை ஓடுபவர் முன்னதாகவே கணக்கிட்டுப் பழகியிருக்க வேண்டும். களைப்பினால் காலடி குறுகி, கணக்குப் பிசகினால், எந்தக் காலால் தாண்டுவது என்ற தடுமாற்றத்திலேயே அரைச் செக்கன் பறிபோய்விடும். வேகமும், தாளமும், மூச்சும் ஒன்றுசேர வேண்டிய இந்த ஓட்டத்தை, ஒலிம்பிக்கிற்கு முன் மிகச் சில போட்டிகளிலேயே ஓடிப்பார்த்திருந்த உஷா, அரையிறுதியில் முதலாவதாக வந்து இறுதிப்போட்டிக்குத் தெரிவானார்.

1984 ஆகஸ்ட் 8 ஆம் திகதி நடந்த இறுதிப்போட்டியில் மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 செக்கனில் தங்கம் வென்றார். மூன்றாமிடத்தைப் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41, உஷாவின் நேரம் 55.42. செக்கனில் நூறில் ஒரு பங்கு என்பது, அந்த வேகத்தில் ஓடும் ஒருவருக்கு ஏறக்குறைய ஏழு சென்ரிமீற்றர். மார்பை ஒரு கணம் முன்னதாகச் சாய்த்திருந்தால் பதக்கம் கைக்கு வந்திருக்கும். பல வருஷங்களுக்குப் பின்னர் உஷாவே இதை நினைவுகூர்ந்தபோது, ஒலிம்பிக் கிராமத்தில் தமக்கு ஒத்துக்கொள்ளும் உணவு கிடையாமையால் கஞ்சியையும் ஊறுகாயையும் உண்டே போட்டிக்குப் போனதாகவும், கடைசி 35 மீற்றரில் உடம்பில் வலு எஞ்சியிருக்கவில்லை என்றும் கூறியிருக்கிறார். கஞ்சி நமக்குப் புதிதன்று. ஆனால் உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரிகளோடு போட்டியிடப் போகும் ஒரு பெண்ணுக்கு என்ன உணவு கொடுக்கவேண்டும் என்பதை யோசிக்க ஒரு நாட்டில் ஒருவரும் இல்லாமற் போனதே பெரிய விசனம்.

அந்த நூறில் ஒரு பங்கு அவரை முடக்கிவிடவில்லை. அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 100, 200, 400 மீற்றர் ஓட்டங்களிலும், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்திலும், 4 தர 400 அஞ்சலோட்டத்திலுமாக ஐந்து தங்கப்பதக்கங்களை வென்றதோடு, மற்றோர் அஞ்சலோட்டத்தில் வெண்கலமும் பெற்றார். 1986 இல் சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கங்கள் ஐந்தேதான். அவற்றுள் நான்கு உஷா ஓடிய ஓட்டங்களில் கிடைத்தவை. நம்பியாருக்கும் 1985 இல், இந்திய அரசு பயிற்றுநர்களுக்கென ஏற்படுத்திய துரோணாச்சாரியார் விருது, அது வழங்கப்பட்ட முதலாவது ஆண்டிலேயே கிடைத்தது. பின்னர் காயங்கள் வந்தன. 1988 ஒலிம்பிக்கில் முதற்சுற்றோடு வெளியேற நேர்ந்தது. 1991 இல் விவாகம் நடந்தது. இனி வரமாட்டார் என்று பலரும் எண்ணியிருக்க, தாயான பின்னரும் திரும்பிவந்து, 34 வயதில், 1998 இல் புக்குவோக்காவில் நடந்த ஆசியப் போட்டியில் மீண்டும் பதக்கம் பெற்று, 2000 ஆம் ஆண்டில் ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார்.

இங்கேதான் இரண்டாம் பாகம் ஆரம்பமாகின்றது. 2002 இல் கோழிக்கோடு மாவட்டத்தின் கொயிலாண்டியில், ஒரு கைப்பிடியளவான சிறுமியருடன், உஷா மெய்வல்லுநர் பாடசாலை தொடங்கப்பட்டது. கேரளத்தின் பல பாகங்களிலும் ஓடவைத்துப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அங்கேயே தங்கவைத்து, உணவும் உறைவிடமும் கொடுத்து, காலையிலும் மாலையிலும் பயிற்சியும் இடைப்பொழுதில் பாடசாலைக் கல்வியும் நடக்கும்படி ஏற்பாடு செய்தார். கஞ்சியோடு போட்டிக்குப் போனவர், தம் பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை முதலிற் கவனித்தது இயல்பே. பிற்பாடு கினாலூரில் அரசு குத்தகைக்கு அளித்த 30 ஏக்கர் நிலத்திற்குப் பாடசாலை இடம்பெயர்ந்தது. ஆயினும், அங்கே செயற்கை ஓடுபாதை ஒன்று அமைந்து திறந்துவைக்கப்பட்டது 2017 ஆம் ஆண்டிலேதான். அதுவரை பதினைந்து ஆண்டுகள், நாட்டின் புகழ்பெற்ற வீராங்கனை நடத்திய அந்தப் பாடசாலை அவ்வசதி இல்லாமலே காலந்தள்ளியது.

அந்தப் பாடசாலையின் முதற்கனி ரிண்டு லூகா. கண்ணூர் மாவட்டத்து மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து சிறுமியாக வந்த அவரை, உஷா தாம் ஓடிய தூரங்களில் ஓடவிடாமல், 800 மீற்றருக்குப் பழக்கினார். தம் வாழ்க்கையையே அச்சாக வைத்துச் சிஷ்யையை வார்க்க முயலாமல், பிள்ளையின் உடலமைப்பை நோக்கித் தூரத்தைத் தெரிந்த அச்செயலில் நம்பியாரின் பாடம் தெளிவாகத் தெரிகின்றது. 1995 இல் சென்னையில் ஷைனி வில்சன் நிலைநாட்டிய 1 நிமிடம் 59.85 செக்கன் என்ற இந்தியச் சாதனையை, 2010 செப்ரெம்பரில் குரோசியாவின் ஸ்பிளிற் நகரில் 1 நிமிடம் 59.17 செக்கனில் ஓடி ரிண்டு முறியடித்தார். 2014 இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளியும், மறு ஆண்டு ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் தங்கமும் அவருக்குக் கிடைத்தன. அவருக்குப் பின் வந்த ஜிஸ்னா மத்தியூ, 2017 இல் புவனேஸ்வரத்தில் முதலாவதாக ஓடி முடித்த இந்திய அஞ்சலோட்ட அணியில் ஒருவரானார்.

பாராட்டு மட்டுமே வந்தது என்று எண்ணிவிடலாகாது. ரிண்டு தொடக்கத்திலேயே முன்னே பாய்ந்து, முதற்சுற்றை மிக வேகமாக ஓடிவிட்டு, கடைசி 100 மீற்றரிற் சோர்ந்துபோவது வழக்கமாயிற்று. 2010 இல் புதுடில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் முன்னணியில் ஓடிவந்து ஆறாமிடத்திற்குத் தள்ளப்பட்டபோது, பழி முழுவதும் குருவின் தலையில் விழுந்தது. குறுந்தூர ஓட்டக்காரிக்கு நடுத்தூரத்தின் நுட்பம் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. உஷா இழந்த ஒலிம்பிக் பதக்கத்தை அவருடைய சிஷ்யையர் எவராலும் இதுவரை மீட்க இயலவில்லை என்பதும் உண்மை. 2022 இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகவும், இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதற் பெண் தலைவராகவும் ஆனதன் பின், அவரைப் பற்றிய விவாதங்கள் மைதானத்தைத் தாண்டியும் சென்றுள்ளன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும், ஒரு பயிற்றுநரைப் பதக்கக் கணக்கைக் கொண்டு மட்டும் எடைபோடுவது நியாயமாகாது. அவர் இல்லையேல் ஓட வந்திருக்கவே மாட்டார்கள் எனத்தக்க பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே.

உஷாவின் 55.42 செக்கன் இந்தியச் சாதனையாக 39 ஆண்டுகள் ஒருவராலும் தொடப்படாமல் நின்றது. 2023 ஒக்ரோபர் 2 ஆம் திகதி, சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவின் தகுதிச்சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் என்னும் தமிழ்ப்பெண், நூறில் ஒரு பங்கும் கூடாமல் குறையாமல், அதே 55.42 செக்கனில் ஓடி முடித்தார். இறுதியில் வெண்கலமும் வென்றார். வாகன ஓட்டுநர் ஒருவரின் மகளான அவர் உஷாவின் பாடசாலையில் வளர்ந்தவரல்லர். ஆயினும், தென்னாட்டுக் கிராமத்துப் பெண்ணொருத்தி ஒலிம்பிக் இறுதிப்போட்டி வரை ஓடமுடியும் என்று நான்கு தசாப்தங்களுக்கு முன் காட்டிய பாதையில்தான் அவரும் ஓடினார்.

இனி நமது நிலையை நோக்குவோம். வருஷம் பிறந்ததும் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும். கிறவல் மண்ணில் சுண்ணாம்புக் கோடு கீறி, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுள், வலயத்தையும் மாகாணத்தையும் தாண்டத்தக்கவர்கள் இல்லாமற் போகமாட்டார்கள். 2009 இல் போரினால் யாவற்றையும் இழந்து முகாம்களுக்குப் போய், பின்னர் வந்து காடுபற்றிய காணிகளைத் துப்புரவாக்கிக் குடியேறிய ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு மனோதிடத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மணலுக்கும் குறைவில்லை, முல்லைத்தீவுக் கடற்கரை பையோலிக் கடற்கரைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. குறைவாயிருப்பது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கண்டுபிடித்து, இருபது வயது வரையில் கைவிடாமல் உடனிருக்கும் பயிற்றுநரே. ஒரு நல்ல விளையாட்டு ஆசிரியர் இரண்டு மூன்று வருஷத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால், அவர் தொடங்கிவைத்த பிள்ளை பாதிவழியில் நின்றுவிடுகிறாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பெற்றோர் ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றனர். மாகாண மட்டத்தில் வென்று திரும்பிய பெண், விவாகமாகிக் குடும்பத்துள் மறைந்துவிடுகிறாள்.

இவற்றுள் மூன்றாவதையே நாம் முதலிற் சீர்செய்யவேண்டும் என்பது என் அபிப்பிராயம். விளைந்ததையெல்லாம் விற்றுத் தின்றுவிடாமல் விதைநெல்லை வேறாக எடுத்துவைக்கும் கமக்காரன் போல, ஒரு பாடசாலை தன் பழைய வீராங்கனைகளைப் பேணிக்கொள்ள வேண்டும். தேசிய மட்டம் வரை போய் வந்த பழைய மாணவி ஒருத்திக்குப் பழைய மாணவர் சங்கமோ, விளையாட்டுக் கழகமோ, வெளிநாடுகளில் வாழும் ஊரவரோ ஒரு சிறு வேதனத்தைத் தந்து, முறையான பயிற்றுநர் சான்றிதழைப் பெறவும் உதவி, மாலைதோறும் பிள்ளைகளைப் பழக்க அமர்த்துவது எட்டாத காரியமன்று. வெற்றிக்கிண்ணங்களுக்கும் கௌரவிப்பு விழாக்களுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கே அதற்குப் போதும். கண்ணூரில் ஓர் அரசு தொடங்கிய சிறிய விளையாட்டுப் பிரிவும், அதில் ஒரு பிள்ளையை விட்டகலாமல் நின்ற ஒரு நம்பியாரும் இருந்தமையாலேயே உஷா தோன்றினார். அவ்வாறு தோன்றியவர் திரும்பிவந்து கற்பித்தமையாலேயே ரிண்டு தோன்றினார். வன்னியிலும் அந்தச் சங்கிலியின் முதற் கண்ணியைக் கோக்க வேண்டியது ஊரவர் கடமை.